தைக்க மிஷின் இருக்கிறது, வெட்ட நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டில் இருந்தபடியே துணி தைத்தும் ஸ்வெட்டர் பின்னியும் சம்பாதிக்கிற பெண்களைப் பற்றிப் போன ஞாயிறு தங்கள் நாளிதழின் பெண்கள் இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் நாலு பேரை நேரில் பார்த்துப் பேசித்தான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டுரைக்கு மேலே ஒரு படம் போட்டிருந்தீர்கள். அந்தப் படத்தைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் ஒரு பெண் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு வயதுக் குழந்தை. ஒரு கை துணியைத் தள்ளுகிறது, இன்னொரு கை குழந்தையின் வயிற்றை அணைத்திருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்து ஸ்டூலில் சிவப்புக் கம்பளி நூல் உருண்டை, அதில் குத்திவைத்த இரண்டு ஊசிகள். தையல் தெரிந்த எவரும் அந்தப் படத்தில் முதலில் குழந்தையின் விரலைத்தான் பார்ப்பார்கள். அசைகிற பொருள் எதுவோ அதை நோக்கித்தான் அந்த வயதுப் பிள்ளையின் கை போகும். மிஷினில் அசைவது ஊசியும் சக்கரமும். இரண்டாவதாகப் பார்ப்பது பிரஷர் ஃபுட், அதாவது ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம். அது இறக்கப்படவே இல்லை. ஊசியில் நூலும் கோர்க்கவில்லை. சரி, குழந்தைக்கு ஆபத்தில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். என் மகள்தான், "அம்மா, அது மாடலும்மா, சும்மா உட்கார வெச்சு எடுத்திருப்பாங்க" என்றாள்.

மாடலாக இருக்கட்டும். அந்தப் படம் சொல்கிற சேதி எங்கள் தெரு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டதே, அதுதான் பிரச்சினை. 'வீட்டிலதானே இருக்கே, பிள்ளையைப் பார்த்துக்கிட்டே தைக்கலாமே' என்று எங்கள் மாதிரிப் பெண்களிடம் சொல்லாத ஆள் இல்லை. சொல்கிறவர்களில் பாதிப்பேர் எங்களிடம் துணி கொடுக்க வருகிறவர்கள்.

நான் கோத்தகிரியில் வீட்டிலேயே தைக்கிறவள். பிறந்தது காரமடை. கல்யாணத்துக்கு முன்பே மேட்டுப்பாளையத்தில் ஒரு டெய்லர் அக்காவிடம் ஜாக்கெட் கட்டிங் வரைக்கும் பழகிக்கொண்டேன். பின்னல் கற்றது மலைக்கு வந்த பிறகு. கீழே இருக்கிறவர்களுக்குக் கம்பளியோடு என்ன வேலை? என் வீட்டுக்காரரின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுவேன், சின்ன வயதில் கன்னியாஸ்திரீகளிடம் பின்னல் கற்றவர். எட்டாம் நம்பர் ஊசி, பத்தாம் நம்பர் ஊசி என்று வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கில்தான் இன்றும் பேசுவார். அந்தக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். ஸ்வெட்டரின் உடம்புக்கு எட்டு, இடுப்புப் பட்டைக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கும் பத்து. ஆக, சமவெளித் தொழில் ஒன்று, மலைத் தொழில் ஒன்று, இரண்டும் ஒரே வீட்டில் நடக்கின்றன.

இரண்டையும் செய்கிறவளுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். பின்னலை எந்த நேரத்திலும் கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம். வரிசையின் நடுவில் நிறுத்தினால்கூட ஒன்றும் ஆகாது, ஊசியில் ஏறியிருக்கிற நூல் வளையங்களை, அதாவது கண்ணிகளை, அதன் தலைப் பக்கமாகத் தள்ளிவிட்டுப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வரலாம். துணி வெட்டுகிற வேலை அப்படி இல்லை. அதைப் பாதியில் விட்டுப் போனால் திரும்பி வரும்போது அதே இடத்துக்கு வர முடியாது. ஒரு குடும்பம் பெண்ணுக்கு ஒதுக்குகிற நேரமோ பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. இதை அந்தக் கட்டுரை சொல்லவில்லை. நேரத்தைத் திட்டமிட்டால் எல்லாம் நடக்கும் என்று சொல்லி முடித்துவிட்டது.

வெட்டும்போது என்ன நடக்கிறது என்று தைக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பட்டுப் புடவையோடு வந்த பிளவுஸ் துணி என்று வையுங்கள். முக்கால் மீட்டரைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். பார்டர் இரண்டு கைக்கும் ஒரே மாதிரி வர வேண்டும். கெட்டுப்போனால் அதே துணி கடையில் கிடைக்காது. அளவு பிளவுஸை விரித்து வைத்து உயரம், தோள், முன்கழுத்து, பின்கழுத்து எல்லாம் இஞ்ச் டேப்பில் எடுக்கிறேன். மார்புச் சுற்றளவு 36 என்றால் நாலில் ஒரு பங்கு 9 அங்குலம். அதோடு தையலுக்கு விடுவது. அதற்கு மேல், உடம்பு போட்டால் பிரித்துப் பெரிசாக்க உள்ளே விடுவது. சாக்பீஸை வைத்துக் கோடு இழுக்கப் போகும்போது வாசலில், "அக்கா, கேஸ் வந்திருக்கு" என்று குரல். போய்ப் பணம் கொடுத்து, சிலிண்டரை ஓரமாக வைக்கச் சொல்லி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு வந்து துணியைப் பார்க்கிறேன். அந்த ஒன்பதோடு உள்ளே விடுவதைச் சேர்த்தேனா, சேர்க்கவில்லையா? மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். அளந்து முடிப்பதற்குள், "அம்மா, என் ஜாமெட்ரி பாக்ஸ் எங்கே?"

கத்தரி துணியில் ஏறிவிட்டால் பிறகு யார் கூப்பிட்டாலும் காதில் வாங்காமல் இருக்கிற தைரியம் வேண்டும். வீட்டுப் பெண்களுக்கு அந்தத் தைரியம் லேசில் வராது. கூப்பிட்ட குரலுக்கு எழுந்திருக்கச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள்.

மலையில் இன்னொரு தொல்லை உண்டு. லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே உள்துணி சுருங்கி, மேல்துணி கொப்பளித்து நிற்கும். கூடலூர் பக்கம் ஆனி ஆடி மழை. எங்கள் கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி மழைதான் பெரிது. தீபாவளி ஆர்டர் எப்போது வருகிறது? அதே ஐப்பசியில். மதியம் ரெண்டு மணிக்கே பனிமூட்டம் ஜன்னலில் வந்து நிற்கும். கொடியில் போட்ட காட்டன் துணி மறுநாளும் ஈரமாகவே தொங்கும். அடுப்படியில் ஒரு கயிறு கட்டி அதில் வரிசையாக லைனிங் துணிகளைப் போட்டிருப்பேன். சாம்பார் தாளிக்கிற நாளில் எல்லாத் துணியிலும் பெருங்காய வாசனை. வாடிக்கையாளர்கள் இதுவரை கேட்டதில்லை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்கலாம்.

பின்னல் வேறு குணம். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதும் என்னால் பின்ன முடியும். ரேஷன் கடை வரிசையில், ஆஸ்பத்திரி பெஞ்சில், பையனின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் தொடங்கக் காத்திருக்கும்போது, எங்கேயும் பையிலிருந்து எடுக்கலாம். குழந்தை ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம் என்றால் கண்ணால் பார்க்கவே வேண்டாம், விரலே போய்க்கொண்டிருக்கும். அக்குள் வந்து கண்ணி குறைக்கத் தொடங்கினால் மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அத்தை அந்த இடம் வந்ததும், "எண்ணிக்கிட்டிருக்கேன்" என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். பேரப்பிள்ளைகள் அந்த ஒரு விரலுக்கு அடங்குகிற மாதிரி என் கத்தலுக்கு அடங்கியதில்லை.

எங்கள் மலையின் தோடர் பெண்கள் போடும் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல் வைத்து, எந்தப் படமும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே போடுவார்கள். வெயிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பொழுதுபோக்காகச் செய்வதாக வெளியூர்க்காரர்கள் நினைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். இழை எண்ணுகிற கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும், அந்த நேரத்தில் அவர்கள் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள்.

சரி, பின்னல்தான் குடும்பத்துக்கு ஒத்துப்போகிறதே, பேசாமல் பின்னிக்கொண்டே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் காசு வந்து நிற்கிறது. பெரியவர்களுக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர் கையால் பின்ன எவ்வளவு நாள் ஆகும் என்று பின்னுகிறவர்களுக்குத் தெரியும். ஊட்டி சீசனில் லூதியானாவிலிருந்து வந்த மிஷின் ஸ்வெட்டர்களைக் கடைகளில் குவித்து வைத்து விற்கிறார்கள். அந்த விலைக்கு எனக்குக் கம்பளி நூல்கூட வராது. முன்பெல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்வெட்டர் அத்தையிடம் வரும். இப்போது மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே ஸ்வெட்டர் கொடுத்துவிடுகிறது. அது நல்ல விஷயம், எங்கள் தொழில் போனதற்காக அதைக் குறை சொல்ல மாட்டேன். மிச்சம் இருப்பது பிறந்த குழந்தைக்கான செட்: ஒரு சட்டை, ஒரு குல்லா, ஒரு ஜோடி காலுறை. வளைகாப்பு முடிந்த வீடுகளிலிருந்து கேட்டு வருவார்கள். நூல் விலை போக நிற்பது சொற்பம்தான். அதே நேரத்தை ஒரு பிரின்ஸ் கட் பிளவுஸில் போட்டால் அதைவிடப் பல மடங்கு வரும். ஆனால் அந்தப் பிளவுஸுக்கு வேண்டியது இடையில் யாரும் கூப்பிடாத நேரம்.

என் தங்கை திருப்பூரில் இருக்கிறாள். அவள் வீட்டில் மூட்டை மூட்டையாக பனியன் கொண்டுவந்து போடுவார்கள், பிசிறு வெட்டிக் கொடுக்க வேண்டும். பீஸ் கணக்குக்குப் பைசாவில் கூலி. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே செய்யலாம், மாமியார் கூப்பிட்டால் எழுந்து போய்விட்டு வந்தும் செய்யலாம். எந்த வேலையை எப்போது வேண்டுமானாலும் போட்டுவிட்டு எழுந்திருக்க முடியுமோ, அந்த வேலைக்குத்தான் கூலி மட்டம். என் தங்கை என்னைவிடக் கெட்டிக்காரி, அவளுக்கும் கட்டிங் தெரியும். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒற்றை அறை வீட்டில் அவளால் வெட்ட முடியவில்லை. பிசிறுக்குப் போய்விட்டாள்.

ஒன்றிய அரசு 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவழிக்கிறார்கள், வீட்டுவேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்று அதில் வந்தது. ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரம் மொத்தமாக ஒரே தவணையில் வந்தால் நான் சந்தோஷமாகச் செய்துவிட்டு மீதி நேரத்தில் மிஷினில் உட்காருவேன். அது பத்து நிமிடம், ஏழு நிமிடம், மூன்று நிமிடம் என்று நாள் முழுக்கத் தூவிக் கிடக்கிறது. இடையில் இருக்கிற நேரமும் அதனால் தூளாகிவிடுகிறது. இதை எந்தக் கணக்கெடுப்பில் எழுதுவது?

மாநில அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், வசதியில்லாத பெண்கள் வாங்குகிறார்கள். பயிற்சி வகுப்புகளும் அங்கங்கே நடக்கின்றன. எங்கள் தெருவிலேயே சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தைப்பது என்ன என்று பார்த்தால் புடவைக்கு ஃபால்ஸ், ஓரம் அடிப்பது, நைட்டியைப் பிடித்துக் கொடுப்பது. கட்டிங்குக்குத் துணிந்தவர்கள் குறைவு. பயிற்சி போதவில்லை என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயிற்சி மையத்தில் நீளமான மேசை இருந்தது, பிள்ளை இல்லை, கேஸ் சிலிண்டர் இல்லை, அதனால் வெட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் வெட்டுவதற்குத் தரைதான். பாயை விரித்து அதன் மேல் துணியை விரித்தால் பையன் அதன் குறுக்கே ஓடுவான்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படி ஒரு சங்கத்தில் இருக்கிறார். வெட்டிய துணி கட்டுக் கட்டாக வரும், வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பார். வெட்டித் தருவதால்தான் தன்னால் முடிகிறது என்று அவரே சொல்வார். வெட்டுவதும் தைப்பதும் தனித்தனி வேலை, தனித்தனி நேரம் என்று சங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. வீடுகளுக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி பிறந்தது, சண்டை போட்டுத்தான் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை என்னுடையது. டிபனிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் சமையலறை வீட்டுக்காரர் பொறுப்பு. அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, இலை அதிகம் வருகிற மாதங்களில் ராத்திரி ஷிஃப்டும் உண்டு, அந்த ஞாயிறுகளில் மகள் பார்த்துக்கொள்வாள். அவர் சமையல் பெரும்பாலும் தக்காளி சாதம். நன்றாகவே இருக்கும். ஒரு தக்காளி சாதத்துக்கு எதற்கு இத்தனை பாத்திரம் என்பதுதான் இன்று வரை விளங்கவில்லை. என் போன் மகளிடம் இருக்கும். யார் கூப்பிட்டாலும் பெயர், என்ன துணி, எப்போது வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வாரத்துக்கு உள்ளதையெல்லாம் வெட்டி முடிப்பேன். ஒவ்வொன்றையும் அதனதன் அளவு பிளவுஸோடு சேர்த்துச் சுருட்டி, துணியின் கரையைக் கிழித்த நாடாவால் கட்டி, சீட்டு எழுதிச் செருகிவிட்டால் என் தலை காலி. அப்புறம் திங்கள் முதல் சனி வரைக்கும் தோள் மூட்டுவதோ கை ஏற்றுவதோ கிடைக்கிற அரை மணி நேரத்தில் நடக்கும். மோட்டார் மாட்டியிருக்கிறேன், ஆனால் மிதிக்கிற பெல்ட்டைக் கழற்றவில்லை. காற்று மழையில் எங்காவது மரம் விழுந்து கரண்ட் போனால் காலைத்தான் நம்ப வேண்டும்.

ஆரம்பத்தில் கதவைச் சாத்தியதற்கு அத்தைக்குக் கோபம். 'வீட்டுக்குள்ளேயே கடை நடத்துறா' என்று ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரிடமே ஒரு வேலையைக் கொடுத்தேன். கொக்கி வைப்பது, கையால் ஹெம்மிங் செய்வது. அதற்குப் பிளவுஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கிறேன். மாமியாருக்கு மருமகள் கூலி கொடுக்கிறாளாம் என்று சொந்தத்தில் சிரிக்கிறார்கள். அத்தை அந்தக் காசைச் சுருக்குப் பையில் போட்டு வெற்றிலை, பஸ் சார்ஜ், ஹெத்தையம்மன் திருவிழாக் கடையில் பேத்திக்கு வளையல் என்று தன் இஷ்டத்துக்குச் செலவழிக்கிறார். சனிக்கிழமை ராத்திரியே, "நாளைக்கு எத்தனை வெட்டறே?" என்று கேட்கிறார் இப்போது. கதவைத் தட்டப் போகிற பேரனைப் பிடித்து இழுப்பதும் அவரே.

இவ்வளவு பாடுபட்டு எதற்கு என்று மகளே கேட்கிறாள். காசு ஒரு காரணம், என் கையில் இருக்கிற காசுக்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு சில சந்தோஷங்களும் இருக்கின்றன. அவள் சின்னவளாக இருந்தபோது தைத்த பட்டுப் பாவாடையில் இடுப்புக்குக் கீழே மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தேன். தீபாவளிக்கு ஒன்றாக ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துவிட, அவள் வளர வளரப் பாவாடையும் கூடவே இறங்கியது. பிரித்த இடத்தில் மட்டும் பட்டு நிறம் மங்காமல் ஒரு கோடாகத் தெரியும். அதன் மேல் ஜரிகை லேஸ் வைத்துவிடுவேன். ஸ்வெட்டரும் அப்படித்தான். சின்னதாகிவிட்டால் பிரித்து, நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நனைத்து, அடியில் கனமாக ஏதாவது கட்டித் தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். தம்பியின் ஸ்வெட்டரில் அக்காவின் பச்சை இரண்டு பட்டையாக இருக்கிறது. அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். கடையில் வாங்கிய ஜெர்கின்தான் வேண்டுமாம்.

என் பிள்ளைகளின் தீபாவளித் துணிதான் எப்போதும் கடைசி. ஊருக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு முதல் நாள் ராத்திரி உட்காருவேன். பட்டன் வைக்காமல் ஊக்குக் குத்திக்கொண்டு பட்டாசு வெடித்த வருஷங்களும் உண்டு. தையல் தெரிந்த எல்லா வீட்டிலும் இதே கதைதான், கேட்டுப் பாருங்கள்.

இனி நான் கேட்க வந்தது. இந்த விஷயத்தைப் பற்றி மறுபடி எழுதினால் இரண்டு தகவல்களை அவசியம் போடுங்கள். ஒன்று, தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியம். 18 வயது முதல் 60 வரை பதிவு செய்யலாம், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, கண்ணாடி வாங்க உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் இருக்கிறது. அது கடை வைத்திருக்கிற ஆம்பளை டெய்லர்களுக்கு என்றுதான் எங்கள் பக்கம் நிறையப் பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே போவது, என்ன காகிதம் எடுத்துப் போவது என்று ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டாலே பலபேர் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, கூலி. லைனிங் வைத்த பிளவுஸுக்கு நான் 300 ரூபாய் வாங்குகிறேன், பக்கத்துத் தெருவில் 180-க்குத் தைக்கிறார்கள். வீட்டிலதானே தைக்கிறே, வாடகையா கொடுக்கிறே என்று பேரம் பேசுகிறார்கள். நாலு ஊரில் விசாரித்து எங்கே என்ன கூலி என்று நீங்கள் அச்சில் போட்டால் நாங்கள் அதைக் காட்டிப் பேசுவோம்.

அதிகாரிகளின் கண்ணில் படும் என்றால் இன்னொன்றையும் சொல்கிறேன். ஊருக்கு ஊர் சமுதாயக் கூடம் இருக்கிறது, மகளிர் குழுக் கட்டடம் இருக்கிறது. எங்கள் பக்கம் அவை பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கின்றன. அதில் ஒரு கட்டிங் மேசை போட்டு, வாரத்தில் இரண்டு காலை திறந்துவிட்டால் போதும். அங்கன்வாடி பக்கத்தில் இருக்கிற கட்டடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சின்னப் பிள்ளைக்காரிகளும் வரலாம். துணியைக் கொண்டுவந்து வெட்டிச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தைத்துக்கொள்வார்கள். மிஷின் கொடுப்பதைவிடச் செலவு குறைவு. என் தங்கை மாதிரி ஒற்றை அறையில் இருக்கிறவர்களுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

மேசை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையிலிருந்து 36 அங்குல உயரம் வேண்டும், பள்ளிக்கூட மேசை உயரத்தில் செய்தால் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். நீளம் ஆறடி, அகலம் மூன்றரை அடிக்குக் குறையக் கூடாது. மேலே பிளைவுட் போதும், ஆனால் ஓரத்தை நன்றாக இழைத்து மழமழவென்று ஆக்கிவிடச் சொல்லுங்கள், பட்டு இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் போடுவதாக இருந்தால் பெரிய கத்தரி ஒன்று நான் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோத்தகிரி.